இரண்டு தவ்

போல்ட் உடைந்துவிட்டது என்றார் சுவைலிம்.
நட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.
கடையே சிரித்தது,
மொனிருல் மட்டும் கொஞ்சம் பிந்தி.
இப்ரி சனையாவில்
தண்ணீர் பம்பும் ஏசி கம்ப்ரசரும்
ஒட்டக வண்டி அச்சும் ஏறி இறங்கிய என் வைஸில்
அன்றைக்குத்தான் முதல் துப்பாக்கி.

அது ஆச்சு ஒன்பது வருஷம்.
இப்போது கல்யாண மாதங்களில் ரெண்டு மூணு வரும்.
உரிமத் தாளை முதலில் மேஜையில் வை என்பேன்,
அப்புறம்தான் கை கழுவுவேன்.

இந்த வாரம் வந்தது அவர் தம்பி ஹம்தானுடையது.
கழுத்தில் கிரீடம், கீழே இஷாப்பூர், நாற்பத்திரண்டு.
"உன் நாட்டுச் சரக்கு."
எனக்கும் இஷாப்பூருக்கும்
ரெண்டு ராத்திரி ரயில், போனதில்லை.
தலையாட்டி வைத்தேன்.

பழைய போல்ட்டின் காதில் மயிரிழை விரிசல்.
புதியது என்று நிஸ்வா சந்தையில் வாங்கி
உருதுப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தது
புதியதில்லை,
வேறொன்றின் பழையது.

மெழுகுவர்த்திப் புகையில்
ரெண்டு காதையும் கறுப்பாக்கி
உள்ளே விட்டு, மூடி, திறந்தேன்.
வலது காதில் கரி தேய்ந்து வெள்ளி தெரிந்தது.
இடது காது
போன புகையோடு திரும்பி வந்தது
யாரையும் தொடாமல்.

ஒற்றைக் காது தாங்கும், தாங்கும்,
ஒருநாள் தாங்காது.
அப்போது அதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது
சுடுகிறவன் கன்னம்.

எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு.
புகை. மூடு. திற.
மூணு இழுப்பு. புகை.
கூடுதலாக எடுத்த இரும்பை
திருப்பி ஒட்டுகிற கடை
எந்த சனையாவிலும் இல்லை.
லுஹர் தொழுகைக்கு ஷட்டர் இறங்கி ஏறியது,
டீயில் ஆடை கட்டியது.
அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்
இடது காதில்
கடுகளவு பளபளப்பு.

இனி தலை.
நிடோ டின்னில் பதினொன்று கிடக்கிறது.
திருகினால் ஒன்று எட்டாமல் நிற்கிறது,
ஒன்று தாண்டிச் சுழல்கிறது,
ஒன்று உட்காருவதுபோல் உட்கார்ந்து ஆடுகிறது.
ஏழாவது உட்கார்ந்தது.
டம்மி தோட்டாவின் முதுகில் ரெண்டு தவ் தகடு வைத்தேன்,
மூடியது.
நாலு தவ் வைத்தேன்,
மறுத்தது.
அந்த மறுப்புக்குத்தான் நான் காசு வாங்குவது.

ஹம்தான் எண்களைப் பார்த்துவிட்டார்.
உடம்பில் ஒரு எண், போல்ட்டில் ஒரு எண்.
"தேய்த்துவிட்டு உடம்பினுடையதைக் குத்து.
மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கண் கொத்தும் கண்."
பஞ்ச் செட் டிராயரில்தான் இருந்தது.
எண்ணுக்கு ஒரு அடி,
நாலு அடிக்கு அஞ்சு ரியால்.

என் லேபர் கார்டில் தொழில்:
பேரீச்சந்தோட்டக் கூலி.
மரம் ஏறுவாயா என்று யாராவது கேட்டால்
ஏறுவேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் கஃபீல்.
நான் யோக்கியன் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆனால் இதைச் செய்யவில்லை.
முடியாது என்பதற்கு அரபி தெரியும்,
ஏன் என்பதற்குத் தெரியாது.
நாளைக்கு இதைத் திறக்கிறவன்
ரெண்டு எண்ணையும் பார்க்க வேண்டும்.
பார்த்தால்தான் சந்தேகப்படுவான்,
சந்தேகப்பட்டால்தான் அளப்பான்.
கையை விரித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.
கூலியில் ரெண்டு ரியால் குறைத்துக்கொண்டு
லேண்ட்குரூசரை எடுத்தார்.

வியாழன் ராத்திரி கேம்ப் மாடி.
வாதிக்கு அந்தப் பக்கம் வேட்டுச் சத்தம்.
இத்தனையில் எது என்னுடையது,
எப்படித் தெரியும்.
இருந்தாலும் எண்ணினேன்.
பதினாலு வரை வரிசையாக வந்தது.
பதினைந்து வரவில்லை.
மொனிருல் ஏதோ கேட்டான்,
கையைக் காட்டி நிறுத்தினேன்.
நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.
எங்கோ ஜெனரேட்டர்.

வந்தது.

என்ன கேட்டாய்,
என்றேன்.