எறிய வேண்டிய பாதி

ரைவோ தன் பெட்டிகளை எடுக்க வந்த சனிக்கிழமை
தார்த்துவில் மைனஸ் பதினொன்று.
மேசைமேல் மூன்று கேமராவைப் பரப்பி
கடைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்:
எந்த பிலிம் யாருக்கு, என்ன விலைக்கு என்ன கிடைக்கும்.
"வந்ததுதான் வந்தாய், ஜன்னலோரம் நில்" என்றேன்.
"ஒரு முகம் தேவைப்படுகிறது."
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமலே நின்றான்.
இந்த ஊரில் அது மரியாதைக் குறைவு.
கழற்றினால் தங்குவதாக ஆகிவிடுமாம்.

முதலில் இன்ஸ்டாக்ஸ்.
சீட்டுக்கட்டில் ஒரு சீட்டளவு.
பிளாஷ் வெட்டியதும் கண்ணை மூடிக்கொண்டான்.
தொண்ணூறு விநாடி:
அவன் "ஹீட்டரை மாற்றினாயா" என்று கேட்டு
நான் பொய்யாக "ம்" சொல்லி முடிப்பதற்குள்
முழு ஆளும் வந்துவிட்டான்.
காதோர நரை, கோட்டில் காணாமல்போன பித்தான்,
மூடிய கண்.
எழுதினேன்: பொய் சொல்லாது, விலை குறைவு,
கல்யாண விருந்துக்கு ஏற்றது.
யார் யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி.
ஏன் வந்தார்கள் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

அடுத்தது போலராய்டு.
பெட்டிக்கு எட்டே படம்;
ஒன்று வீணானால் ஒரு நல்ல காபி போச்சு.
வெளியே வந்த கணமே வெளிச்சம் படாமல் கவிழ்க்க வேண்டும்.
குளிர் பட்டால் நீலம் பாரித்துவிடும்,
உடம்புச் சூட்டில் வைத்துக் காக்க வேண்டும்.
என் ஸ்வெட்டரில் பை இல்லை.
ஹீட்டர் விஷயமும் வெளியாகிவிட்டது.
ரைவோ ஒன்றும் பேசாமல் கை நீட்டி வாங்கி
கோட்டுக்குள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.
கால்மணி நேரம்.
இனி அவனால் போக முடியாது.

பூட்ஸின் பனி உருகித் தரையில் குளம் கட்டியது.
மாடி வீட்டில் யாரோ பியானோவில்
ஒரே இடத்தில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.
தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை,
கேட்காமலே வைத்தேன்.
அவன் அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகளாம்.
எனக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை.
சேர்ந்திருந்த நாலு வருஷத்திலும் நாங்கள்
சண்டையில்லாமல் எதற்கும் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

எடுத்துப் பார்த்தால்
தேன் கலந்த வெளிச்சம், கரைந்த ஓரங்கள்,
ஏதோ ஒரு ஜூலை மாதத்து ஆள்.
இத்தனை கனிவான முகம் அவனுக்கு இருந்ததே இல்லை.
அவனும் பார்த்துவிட்டு "யார் இது" என்றான்.
எழுதினேன்: அழகாக்கும். நம்பாதீர்கள்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்: அழகாக்கும்.

கடைசியாக, குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பின்னால்
ஒளித்து வைத்திருந்த உரிபட பிலிம்.
உற்பத்தி நின்று பல வருஷம்,
ஒரே ஒரு தாள் மிச்சம்.
பிரிந்தபோது இந்தப் பெட்டிக்குத்தான் அடித்துக்கொண்டோம்;
சோபாவுக்குக்கூட அவ்வளவு இல்லை.
"இந்த முறை நீ நில்" என்று கேமராவைப் பிடுங்கினான்.
தாளை இழுத்தான், நேராக, நடுவில் நிறுத்தாமல்.
இதில் காத்திருப்பை நாமேதான் முடிக்க வேண்டும்.
முந்தி உரித்தால் படம் அரைகுறை,
பிந்தினால் ஒட்டிக்கொண்டு கிழியும்.
கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம்.
"இப்போது" என்றேன்.
"இன்னும் கொஞ்சம்" என்றான்.

உரித்தபோது, பசை பாதிக்குமேல் காய்ந்திருந்தது.
என் நெற்றி, ஒரு கண், ஜன்னல் சட்டம்;
கீழே எல்லாம் வெறும் காவி.
இதைப் பற்றிக் குறிப்பில் எதுவும் எழுதவில்லை.
கடையில் இல்லாததை ஒப்பிட்டு யாருக்கு லாபம்?

நான்கு நடையில் பெட்டிகளை இறக்கிப் போய்விட்டான்.
சாயங்காலம் குப்பையைக் கட்டும்போது தேடினேன்,
உரித்ததும் எறிய வேண்டிய மறுபாதியை:
பிசுபிசுக்கும் கறுப்புத் தாள்,
நிறங்கள் தலைகீழாய் என் முகம்.
கூடையில் இல்லை. மேசைக்கடியிலும் இல்லை.

அந்தப் பசை சட்டைப் பையில் பட்டால்
எந்தச் சோப்புக்கும் போகாது.
அது அவனுக்கும் தெரியும்.