நாலு சுற்றும் கொஞ்சமும்

எடுத்த எடுப்பில் விலை கேட்கக் கூடாது.
தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.
உப்பு.

வாலிநோக்கத்தில்
கப்பல் உடைத்த இரும்பு விற்கிற
மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று.
நங்கூரத் துண்டு உண்டு,
ஏதோ ஒரு கப்பலின் கக்கூஸ் கதவுகூட உண்டு.
அறுபதுக்கு முந்தின பின் ஆக்சில் மட்டும் இல்லை.
"சகுபர் நிசாகிட்ட ஒண்ணு கெடக்கு.
ஆனா அது வேலையில இருக்கு"
என்றான் தராசுக்காரப் பையன்.

வேலையில்தான் இருந்தது.
மணலில் ஆழ நட்ட பனந்தூண் இரண்டுக்கு நடுவே,
ஒரு பக்கம் அசையாமல் கட்டி
மறுபக்கம் டிரம் மாட்டி,
பினியன் வாயில் பெல்ட்டும் டீசல் எஞ்சினும்:
வள்ளம் இழுக்கிற வின்ச்.
தடவைக்கு அறுபது ரூபாய்.
கடல் முரண்டினால் எண்பது.

வீட்டில் எனக்கு
கூரையை நாலு விரல் வெட்டி இறக்கிய
நாற்பத்தெட்டாம் வருசக் கூடு ஒன்று,
அதற்குள் அடங்காத எஞ்சின் ஒன்று,
பின்னால்
செங்கல்.

சாவியால் துருவைச் சுரண்டினேன்.
ஊளி மீன் செதில் மாதிரி உதிர்ந்தது.
வார்ப்பெண்ணில் ஏழும் ஒன்றும் மிச்சம்,
மற்றதைக் காற்று தின்றுவிட்டது.
நூல் பிடித்துப் பார்த்தேன், குழாய் வளையவில்லை.
வெல்டு தழும்பு இல்லை.
பெல்ட்டைக் கழற்றி
டிரம்மில் சாக்பீஸ் கோடு போட்டு
இரண்டு முறை சுற்றினேன்.
பினியன்
நாலு சுற்றும் கொஞ்சமும் போய் நின்றது.
அந்தக் கொஞ்சத்துக்காகத்தான்
விடியுமுன் மதுரையில் பஸ் ஏறியது.

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னேன்:
"துரு ஜாஸ்தி. இரும்பு விலைக்குப் போடலாம்."

"நாப்பத்தொண்ணு, பத்து" என்றாள்.
"என்னது?"
"பல்லு. போன வருசம் நாந்தான் தொறந்து தொடச்சேன்.
இரும்புன்னா கடைக்குப் போங்க.
பல்லை எண்ணுன ஆளு
பல்லுக்கு வெலை சொல்லுங்க."

ஐம்பத்தொரு பல்.
பல்லுக்கு ஐந்நூறு.
என்னிடம் இருந்த கணக்கு அவளிடமும் இருந்ததால்
பேரம் அதோடு முடிந்தது.

இன்னொன்றும் கேட்டாள்:
கச்சான் எழுமுன் மாற்று ஆக்சில் வரவேண்டும்,
எந்த வண்டியுடையதானாலும் சரி.
"ஆனா இதைவிட அவசரப்படக் கூடாது.
வள்ளத்துக்கு அடிவயிறு கிழிஞ்சிரும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவளும் சாக்பீஸ் வைத்திருந்தாள்.

வீட்டில் மூடியைத் திறந்தால்
கிரவுன் வீல் புதுக் கல்யாணத் தட்டு மாதிரி மின்னுகிறது.
கியர் ஆயில் வாங்க முடியாத மாசங்களில்
சுறா எண்ணெய் ஊற்றியிருக்கிறாள்.
மூன்று தரம் டீசலில் கழுவினேன்.

முதல் ஓட்டம்.
தெப்பக்குளத்தைச் சுற்றி வருவதற்குள்
ஆக்சில் சூடேறி
வண்டிக்குள் கடற்கரை.

தெருவே திரண்டது அன்று சாயங்காலம்.
பானெட்டைத் தடவினார்கள்,
பெயிண்ட் எவ்வளவு என்றார்கள்,
கதவோடு நின்று படம் எடுத்தார்கள்.

பின்னால் போய்க் குனிந்து
ஆக்சிலை மதித்தது
எதிர்வீட்டுப் பூனை ஒன்றுதான்.