வெண்ணெய்க் கத்தி

ஹியூமா தீவில் கடல் உறைந்து
படகு நின்ற மாதம்.
எஞ்சின் பழுது பார்க்கும் ரைவோ
ஜூனிபர் கட்டையைப் பிளந்தான்,
தங்கை லேலோவின் புது வீட்டுக்கு.

முதல் கத்தி கணுவில் விரிந்தது.
அடுத்தது தடித்துப்போய்
அடிப்பிடித்த சட்டி சுரண்ட
அவனிடமே தங்கிவிட்டது.
மூன்றாவதற்கு ஒன்பது இரவு.
உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய்,
அவள் இடக்கைக்காரி என்பதால்
பிடியில் ஒரு சின்ன வளைவு.
சோப்பு போட்டும் விரலை விடாத
மிளகு வாசம்.

மார்ச்சில் போனான்.
ரொட்டிக்குப் பக்கத்தில் எஃகுக் கத்தி.
இவனுடையது ஜன்னலோரம்
நீலப் பெயின்ட் டப்பாவில்
கழுத்தளவு முங்கி நின்றது.

“வேற எதுவும் கைக்கு அமையல,”
கலக்கிக்கொண்டே சொன்னாள்.

ரைவோ கோட்டைக் கழற்றவில்லை
கொஞ்ச நேரம்.
பிறகு கழற்றி,
இன்னொரு பிரஷ் இருக்கா என்றான்.