நாற்பத்து மூன்றாம் பக்கம்

கண் வாட்டில் புரை எடுத்துக்கொண்டு
லண்டனுக்குத் திரும்பிய ஒரு அம்மா
கட்டிலோரம் மறந்துவிட்டுப் போன புத்தகம்.
ரோஸ் அட்டை. ஒரு குடை.
குடைக்குக் கீழே நான்கு சப்பாத்து,
முகங்கள் இல்லை.
கேட்டு ஒருவரும் வராததால்
இரத்த வங்கிக் குளிர்பெட்டிக்கு மேலே
அது குடியேறியது.

கதை பெரிதில்லை.
ஹேசல் என்றொருத்தி, கேக் கடை, கழுத்துவரை கடன்.
மேல்மாடிக்கு வாடகைக்கு வந்தவன்
அவள் நாயை வெறுக்கிறான்.
நாய்க்கு அது விளங்கவில்லை.
மழை. பிறகும் மழை.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
எல்லாரும் எதிர்பார்த்த முத்தம்.

அமிர்தசீலி சிஸ்டர் ஒரே நைட் டியூட்டியில் முடித்தா.
சிரித்த சிரிப்பில்
ஏழாம் கட்டில் ஐயா எழும்பிக் குந்தி,
“என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதுமோ?”
“ஒண்டுமில்லை ஐயா, படுங்கோ.
கலியாணக் கேக்குக்கு மேல நாய் ஏறீட்டுது.”

“பத்தாம் பக்கத்திலயே முடிவு தெரிஞ்சிட்டுது,
பிறகென்னத்துக்கு வாசிக்கிறது?”
என்றார் டொக்டர் நிமலரூபன்.
“கொழுக்கட்டைக்குள்ள என்ன கிடக்கெண்டு
தெரியாமலோ கடிக்கிறனீங்கள்?”
என்றா சீலி, வாயில் பிளேன்ரீயோடு.

தோல் கிளினிக் தர்மினிக்கு
வேறொரு மனத்தாங்கல்:
“பக்கத்துக்குப் பக்கம் சொறி, சொறி எண்டுதுகள்.
இங்க அனுப்புங்கோ,
களிம்பு போட்டு விடுறன்.”

அம்புலன்ஸ் ஓடும் பத்திநாதன் அண்ணைக்கு
இங்கிலீஷ் ஓடாது.
நாலு மணித் தேத்தண்ணிக்கு ஓர் அத்தியாயமாய்
சொல்லக் கேட்டவர்.
முத்தம் வந்தபோது குறுக்கே கேட்டார்:
“கடை வாடகையைக் கட்டினவளோ?”
அதைப் பற்றி எழுதவில்லை என்றோம்.
“அப்ப கதை இன்னும் முடியேல்லை.”

கோகிலவாணி சிரிக்கவில்லை.
“அக்கா ஆறு வருசமா அங்க
ராவில பெற்றோல் கடையில நிக்கிறா.
குடையோட ஒருத்தனும் வரேல்லை.”
எங்கள் எல்லாருக்கும் திடீரென்று
சீனி போத்தலைத் தேடவேண்டி வந்தது.
ஆனாலும் வெள்ளிக்கிழமை
புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவள் அவள்தான்.
திங்கள் திரும்பி வந்தபோது ஓரிடத்தில் பென்சில் கோடு.
கடையைப் பூட்டிவிட்டு ஹேசல்
நின்றபடியே ஆறிப்போன சிப்ஸ் தின்னும் இடம்.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
இது மட்டும் உண்மை.

மருந்தகத்து யசோதரன்
நாற்பத்து மூன்றோடு கைவிட்டவர்.
“பஸ்ஸை விட்டதுக்குப் பத்துப் பக்கம் அழுகிறாள்.
எனக்கு ஏலாது.”
அடையாளத்துக்கு அவர் செருகிய
வெறும் பனடோல் மட்டை
அந்தப் பக்கத்திலேயே கிடந்தது.

நீர் என்ன சொல்லுறீர் என்று என்னைக் கேட்டார்கள்.
நான் குருதிவகை பார்ப்பவள்.
இது ஓ நெகட்டிவ் இல்லை,
எல்லாருக்கும் ஏறாது, என்றேன்.
எனக்கு ஏறியதா என்று
ஒருவரும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

பிறகு ஒருநாள் புத்தகத்தைக் காணவில்லை.
ஆளையாள் சந்தேகித்தோம்.

ஐப்பசி மழை. சாவகச்சேரி பஸ்.
நாவற்குழிப் பாலத்தில் கண்ணாடியெல்லாம் புகார்.
எனக்கு முன்சீட்டில்
கடதாசியால் உறை போட்ட தடித்த ஏதோ ஒன்றை
மடியில் விரித்தபடி ஒருவர்.
பின்கழுத்தில் தெரிந்தது மருந்தகம்.
எட்டிப் பார்த்தேன்:
இருநூற்றுப் பதினொன்று.
நாய் கேக்குக்கு மேல் ஏறப் போகிற பக்கம்.
பனடோல் மட்டை விரலிடுக்கில்.

அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.
முதலில் மெல்ல. பிறகு
பக்கத்தில் இருந்த மீன்காரர் சற்றே விலகி இருக்கும் அளவுக்கு.
அந்தத் தோளையே பார்த்திருந்தேன்.
கொண்டக்டர் கூவியது கேட்டதுதான்,
எந்த ஊர் என்றுதான் கேட்கவில்லை.

நுணாவிலில் இறங்கினேன்.
குடை இல்லை.
கைதடிக்குத் திரும்பிப் போகிற பஸ்
கண்ணுக்கு முன்னாலேயே போய்விட்டது.

பத்துப் பக்கம் கூடுதல் இல்லை.