மூன்றாவது படிவம்

பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் உறை.
இம்முறை தடிமன் கூடியிருக்கிறது, என்னைப் போலவே.
முதல் படிவம் வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது,
இப்போது ஐம்பத்தெட்டு.
எழுத்தைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள்.
பிழைத்தவர்களுக்கும் வெள்ளெழுத்து வரும் என்று
ஒஸ்லோவில் யாருக்கோ தோன்றியிருக்கிறது.

குளிரில் விரல்கள் வெளுக்கின்றனவா?
ஒருபோதும் இல்லை. சில நேரம். அடிக்கடி.
மோல்டே துறையில் கார்ப்படகைக் கட்டும் வேலை எனக்கு.
அக்டோபர் வந்தால் பத்தில் ஏழு விரல்
மெழுகுவத்தி.
வடத்தைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பதைக்
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.
அதற்குக் கட்டம் இல்லை.
'அடிக்கடி' என்று குறியிட்டேன்.

கால்விரல்கள்: காலுறைக்குள் மணல்.
முப்பத்தோரு ஆண்டு மணல்.
உதறிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி.
நாடே பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தது,
நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக் கட்டிலில் ஆஸ்முண்ட், மீன்லாரி ஓட்டுநர்.
நமக்குத் தங்கம் கிடைக்கும்போதெல்லாம்
மணியடித்துத் தாதியை வரவழைப்பான்.
ஒன்றும் வேண்டாம், சும்மா சொல்லத்தான் என்பான்.
இருவருக்கும் ஒரே மருந்து,
இருவர் வாயிலும் ஒரே இரும்புச் சுவை,
இருவருக்கும் மீதம் ஒற்றை விதை.
'இனி நேராக நடக்க முடியாது, தோர்கைர்,
ஒரு பக்கம் சாய்வோம்' என்று சொல்லிச் சிரித்துத்
தையல் பிரித்துக்கொண்டவன்.

அவனுக்கு இரண்டாம் படிவம் வரவில்லை.
புற்று அல்ல, இதயம். நாற்பத்தாறு வயது.
இந்தமுறை இதயத்துக்கென்று
நான்கு பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.
முதல் படிவத்தில் அது ஒரே வரிதான்.
அந்த நான்கு பக்கத்தையும்
மற்றவற்றைவிட மெதுவாகப் புரட்டினேன்.

மருந்தின் பிளாட்டினம் இன்னும் துளியாவது
ரத்தத்தில் ஓடுகிறது என்று போனமுறை சொன்னார்கள்.
'எனக்கு மட்டும் வெள்ளி மோதிரம்' என்றாள் ஸிஸ்ஸெல்.

ஸிஸ்ஸெல்.
எழுதும்போது முழுதாக வருகிறது.
காதில் மேல் ஒலிகள் போய்விட்டன,
'ஸ' என்பது என்வரை வந்து சேர்வதேயில்லை.
தொலைபேசியில் அவள் தன் பெயரைச் சொன்னால்
எனக்குக் கேட்பது: இ, எல்.
நடுவில் காற்று.
ஏப்ரலில் ஊசியிலை மரத்து உச்சியில்
ஐந்து கிராம் பறவை ஒன்று பாடுமாம்.
அவள் நின்று விரலை உயர்த்துவாள்.
நான் மரத்தைப் பார்ப்பதில்லை,
அவள் முகத்தைப் பார்ப்பேன்.
பாட்டு முடிவது அங்கே தெரியும்.

குழந்தைகள் உண்டா?
உண்டு.
உருளையில் விதைக்கு எடுத்துவைப்பதைப் போல
மருந்துக்கு முன்பே உறையவைத்த ஒன்பது குழல்கள்.
எட்டு வீண். ஒன்பதாவது இங்வில்ட்.
இருபத்தைந்து வயது, லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நோய் திரும்புமென்று அஞ்சுகிறீர்களா?
இல்லை என்று குறியிட்டேன். அடித்தேன்.
குளிக்கும்போது விரல்கள் மீதமிருப்பதைத் தேடும்.
மரத்த விரல்கள், எதையும் உறுதியாகச் சொல்லாது.
அதனால் இரண்டு முறை.
சில நாள் மூன்று.

கடைசிப் பக்கத்தில் ஐந்து வெற்றுக் கோடுகள்.
வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்.
'படகில் ஏறும் மீன்லாரி ஒன்று
என்னைக் கண்டதும் விளக்கை இருமுறை சிமிட்டும்,
இப்போது எந்த லாரியும் அப்படிச் செய்வதில்லை'
என்று எழுதினேன்.
படித்துப் பார்த்தேன். மருத்துவத்தில் சேராது.
அடிக்கவும் மனம் வரவில்லை.

உறையின் பசைத்தாளை உரிக்க விரல் நகவில்லை.
ஸிஸ்ஸெல் கேட்காமலே வாங்கி உரித்துத் தந்தாள்,
ஏதோ சொன்னாள்.
'என்ன?' என்றேன்.
திரும்பச் சொன்னாள்,
இம்முறை என் எதிரே வந்து நின்று.