விட்டுப்போன சுழி

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து தாதுக்கப்பல்கள் துறையோடு ஒட்டிக்கிடக்கின்றன.
மூன்றாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர்,
நூற்றிருபது விண்ணப்பங்கள், ஆறிப்போன காப்பி.

எழுபத்து மூன்றாவது கோப்பு.
லின்னியா ஓக்கர்லண்ட், எவலெத் ஊர்க்காரி.
சாகக் கிடப்பவர்களின் இல்லத்தில் தொண்டு:
நாற்பத்தொரு மணி நேரம்.

வோய்சிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நாற்பத்தொன்றா?
பாவம், ஒரு சுழி விட்டுப்போயிருக்கும்."
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
கடைசியில் நிறுத்தியதும் நானாகத்தான் இருக்கும்.

இணைத்திருந்த கடிதம் நாற்பத்தேழு என்கிறது.
கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி.
கட்டத்துக்குக் கீழே
யாரும் படிக்காத இடத்தில் அவள் எழுதியிருந்தாள்:
"முதல் மூன்று செவ்வாய்க்கிழமை
வண்டியை விட்டு இறங்கவில்லை. பயமாக இருந்தது.
அந்த ஆறு மணி நேரத்தைக் கழித்திருக்கிறேன்."

கழித்திருக்கிறாள்.
யாரும் கேட்காத கணக்கில்
தானே கை வைத்துக் கழித்திருக்கிறாள்.

என் கணக்கு வேறு.
இருபத்தாறு வருஷத்துக்கு முன்,
கடைசி நாள், இரவு பதினொன்றே முக்கால்,
சமையலறை மேசை.
நாற்பது என்று எழுதினேன்.
மூன்று கட்டங்கள் இருந்தன.
மூன்றாவது, வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தது.
பேனா ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, அவ்வளவுதான்.
பொய் சொன்ன மாதிரியே இல்லை
வட்டம் போட்ட மாதிரி இருந்தது.

யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை.
அந்தச் சுழியைப் பார்த்து யாரும் முகம் சுழிக்கவில்லை.
"நானூறு மணி நேரம்! என்ன அர்ப்பணிப்பு" என்றார் நேர்காணலில் ஒருவர்.
தலையை ஆட்டினேன்.

பயிற்சியின் இரண்டாம் ஆண்டு
ஒரு முதியவருக்கு ஐந்து மில்லிகிராம்.
ஐந்து, புள்ளி, சுழி என்று கிறுக்கினேன்.
புள்ளி மட்டும் தாளில் பதியவில்லை.
இரவு இரண்டு மணிக்குச் செவிலி பெர்னடீன்:
"டாக்டர் ரௌத்தியோ, இது ஐந்தா, ஐம்பதா?"
அவள் கேட்டாள்.
கேட்டதால் அந்த மனிதர்
மார்ச்சில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கப் போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும்
புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்:
முழு எண்ணுக்குப் பின்னால் சுழி போடாதீர்கள்,
சுழி ஆளைக் கொல்லும்.
குறித்துக்கொள்கிறார்கள்.
ஒரு ஜூலையிலும் என் குரல் நடுங்கியதில்லை.

நல்ல டாக்டராகத்தான் ஆனேன்.
ராத்திரிகளில் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன்.
ஆனால் அந்த வருஷம் கடைசி இடம் எனக்கு வந்தபோது
அது யாருக்கோ போகாமல்தானே வந்திருக்கும்.
அவர் பெயர் தெரியாது.
முப்பத்தைந்தை முப்பத்தைந்து என்றே எழுதிவிட்டு
தபால் வண்டிக்குக் காத்திருந்தவராக இருக்கலாம்.
இப்போது என்ன செய்கிறாரோ.
நல்ல டாக்டராக ஆகியிருப்பாரோ என்னைவிட.

"அப்போ, இதை ஒதுக்கிவிடலாமா?"
"சுழி எதுவும் விட்டுப்போகவில்லை" என்றேன்.
"கூப்பிடுங்கள்."
குறிப்பெடுக்கும் ஹெஸ்டர் தலை நிமிர்த்தினாள்.
"காரணம்?"

"இந்தப் பெண்ணுக்குக் கழிக்கத் தெரிகிறது."

உண்மைதான்.
என்னிடம் இருந்த உண்மையில் பத்தில் ஒரு பங்கு.
மிச்சத்தை ஆறிய காப்பியோடு விழுங்கினேன்.

மாலை, வாகன நிறுத்துமிடம்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
மேலே டீனின் அறையில் இன்னும் விளக்கு.
என் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படிகிறது,
ஜன்னல் மங்குகிறது, விரலால் துடைக்கிறேன்,
துடைத்த இடம் வட்டமாக இருக்கிறது.

இருபது நிமிஷம் ஆயிற்று.
இறங்கவில்லை.
இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.