முறைத்தண்ணீர்

கானாடுகாத்தானில் என் பொறுப்பில் பதினொரு வால்வு.
திறக்கிற சாவி ஒன்றுதான், என் கழுத்துயரம்.
காலை ஆறு முதல் பத்து. இருநூற்று நாற்பது நிமிஷம்.
தெருவுக்கு இருபது.
மிச்ச இருபது எங்கே என்று கேட்டார்கள்.
சைக்கிளில் போகிறது.
ஒன்றை மூடி அடுத்ததைத் திறக்கும்வரை
ஊரில் யாருக்கும் தண்ணீர் இல்லை.

அஞ்சு அஞ்சு நிமிஷமாகச் சுற்றிப் பார்த்தேன் ஒரு வாரம்.
எல்லாருக்கும் உடனே வந்தது,
காற்று.
குழாய் நிறையும் முன்னே முறை முடிந்தது.
பெடல் தேய்ந்ததுதான் மிச்சம்.

நாலாம் தெருவில் முப்பது வீடு, இருபத்தாறு பூட்டு.
தூங்கினாலும் பட்டியலில் இருக்கிறார்கள்.
கோலாலம்பூரிலிருந்து ஒரே போன்:
‘பொன்னழகி, அப்பச்சிக்கு சாந்தி. ஐந்நூறு பேர்.’
ஓடுகிற தெருவைப் பாதியில் நிறுத்தி
எத்தனை நிமிஷம் ஓடியது என்று
உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு போவேன்.
வால்வுக் குழியில் கை நனைந்து
எட்டா பதினெட்டா என்று அழிந்த நாளில்
ஏழாம் தெரு என் சைக்கிள் காற்றைப் பிடுங்கியது.
நியாயம்.

பதினொன்றாம் தெரு மேட்டில், கடைசி வீடு, ஆவுடைத்தாய்.
முன்னால் உள்ளவர்கள் மோட்டாரில் உறிஞ்சிவிட்டால்
அவளுக்குச் சத்தம் மட்டும் வரும்.
குடம் நிறையாத நாளுக்கு ஒரு புள்ளி
நோட்டில் ஏற்றிக்கொண்டே வந்தேன்.
ஆறாம் நாள் அவள் தெரு
ஒன்றாம் தெரு விடுதியை முந்தியது.
நீச்சல்குளம் வைத்திருக்கும் மேனேஜர் கூப்பிட்டார்:
‘யாரைக் கேட்டும்மா?’
‘நோட்டைக் கேட்டு சார்.’

ஐப்பசியில் அடைமழை. யாரும் கேட்கவில்லை.
பூட்டிய வீடுகளின் முற்றங்கள் தாமாக நிறைகின்றன.
அப்போதும் சாவியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வருகிறேன்,
எவர் கூப்பிட்டாலும் விட்டுவிடக்கூடிய வேலையாக.

இதையெல்லாம் அப்படியே எழுதினேன்,
ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் தாளில்,
‘செயல்களுக்கு நேரம் பகிர்வதை விளக்குக’ என்ற கேள்விக்கு.
நாற்பத்திரண்டு. இன்னும் அரியர்.
மறுபடி எழுதவேண்டும், காரைக்குடியில், பத்து மணிக்கு.
ஒன்பதே காலுக்குப் பஸ் ஏறினால்
கடைசி ரெண்டு தெருவுக்குத் திறக்க ஆள் இல்லை.

அன்றைக்குப் பதினொன்றிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.
விடுதிக்காரர்
குளத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளட்டும்.